முன்னுக்கு இழுத்த சீட்

எங்கள் அண்ணிக்குத் தெரு வைத்த பேர் ஸ்கேனர். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கிற அறையில், ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். புதுத் துணி தைப்பது குறைவு. பேன்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தெரியாமல் சேர்ப்பது, இதுதான் வேலை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இன்ச் டேப். தூங்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். கேட்கத்தான் பயம்.

கடைக்குள் யாராவது நுழைந்தால் அண்ணி முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு செருப்பு. முகம் கடைசியில்தான், அதுவும் அவசியம் இருந்தால். "இந்தச் சட்டை உங்களுது இல்லையே?" என்று எடுத்த எடுப்பில் கேட்டு வந்தவரை வெலவெலக்க வைப்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். ஒரு காலத்தில் அவரைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஒருவர் வந்தாராம். அவர் போட்டிருந்த கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. "கோட்டே இரவல்னா, சொன்ன சம்பளம் யாருதோ" என்று அண்ணி அன்றைக்கே பேச்சை முடித்துவிட்டார். அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. வந்திருந்தாலும் ஏதாவது ஓர் அளவு இடித்திருக்கும்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் தன் பூட்டுக்கு நகல் சாவி வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டு அண்ணி அடிக்கடி பூட்டை மாற்றுவார். மாற்றின பூட்டுக்குச் சாவி வெட்டித் தருவதும் அதே சாவிக்காரர்தான். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினால், ஒரு பாதியைப் போட்டுவிட்டு மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பார், பேச மாட்டார். அந்தப் பக்கம் பேசுகிறவரின் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று கவனிப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், என் பெட்டியில் இருந்த துணிகள் என் அளவுதானா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்த மகராசி. கேட்டதற்கு, "பட்டன் தளர்ந்திருக்கான்னு பாத்தேம்மா" என்றார். எல்லாப் பட்டனும் இறுக்கமாகத்தான் இருந்தது.

இத்தனை சந்தேகத்துக்கும் வெளியே நின்ற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அம்மா அப்பா போன பிறகு தூக்கி வளர்த்த தம்பி. அண்ணி ஊரைச் சந்தேகப்பட்டதே அவருக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். யாராவது தம்பியை ஏமாற்றிவிடுவார்கள், தம்பிக்கு வாய் இருக்கிற அளவு விவரம் இல்லை, தம்பி தங்கம். தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எனக்குத் தெரிந்த தங்கம் வேறு. அதை அண்ணியிடம் சொன்னால் உரசிப் பார்த்த என்னைத்தான் சந்தேகப்படுவார்.

இவர் லிப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகப் போக வேண்டும். கருவிப் பெட்டியும் இரும்புக் கயிறுமாகச் சுமக்க முடியாத சுமை. கம்பெனி கொடுத்திருந்த வேனை அடுத்தடுத்து இரண்டு இடத்தில் இடித்ததில் வேனைப் பிடுங்கிக்கொண்டார்கள். சொந்தமாக வண்டி இருந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். பழைய பைக் கடனைக் கட்டாமல் விட்ட புண்ணியத்தில் இவர் பேருக்கு எங்கேயும் கடன் பிறக்காது. அதனால் அண்ணி தன் பேரில் கடன் போட்டு ஒரு கார் எடுத்துக் கொடுத்தார். மாதத் தவணையை இவர் அண்ணி கையில் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் யாரிடமும் ஒரு பைசா கைமாற்று வாங்காத மனுஷி, முதல் தடவையாகக் கடன் தாளில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்ததை நான் பார்த்தேன்.

ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர், கடன் முடிகிற வரை வண்டி பாதி கம்பெனியுடையது, முழு இன்சூரன்ஸ் ஒரு நாள்கூட விட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் கடைக்கே வந்தார். அண்ணி அவரை உட்கார வைத்து, அவருடைய காலரைப் பார்த்தபடியே குறுக்குக் கேள்வி கேட்டுத் துவைத்து எடுத்துவிட்டார். பாவம், அந்த மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

"வண்டி உங்க பேர்ல இருக்கலாம்மா, தப்பே இல்ல. ஓட்டுறது வேற ஆளா இருக்கலாம், அதுவும் தப்பில்ல. ஆனா வழக்கமா ஓட்டுறது யாருங்கிறத மட்டும் மறைக்கக் கூடாது. உங்க தம்பி ஏற்கெனவே இடிச்சவர். அவர் பேரச் சொன்னா பிரீமியம் கூடத்தான் செய்யும். கூடுதேன்னு வேற பேரச் சொன்னீங்கன்னா, நாளைக்கு ஒரு விபத்துன்னு வர்றப்ப தோண்டிப் பாப்பாங்க. குட்டு வெளிப்பட்டா ஒரு பைசா பேராது. வண்டி நசுங்கிக் கிடக்கும், கடன் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கும். கட்ட வேண்டியது நீங்கதான்."

"கட்டலைன்னா?"

"கடையக் காட்டித்தானே கடன் வாங்கியிருக்கீங்க?"

அண்ணி மெஷினைத் தடவிக் கொடுத்தார். அந்த ஒரு பேச்சு அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

தன் போனில் தன் விவரத்தைப் போடுவது திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது என்பது அண்ணியின் கட்சி. அதனால் பாலிசி போடுகிற வேலையை இவர் தன் போனில் செய்தார். அண்ணி தன் லைசென்ஸ் நம்பரை மெதுவாகப் படித்துச் சொன்னார். அண்ணியிடம் லைசென்ஸ் உண்டு. சின்ன வயதில் ஒரு வீட்டில் வேலை பார்த்தபோது அவர்கள் கற்றுக் கொடுத்து எடுத்தது. அடையாள அட்டையாக வைத்துக்கொண்டு, காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டு வருகிறார். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது.

"ஓட்டுறவன்னு உன் பேரப் போட்டியாடா?"

"போட்டேன்க்கா."

"பிரீமியம் கூடுச்சா?"

"கொஞ்சம் கூடத்தான். நான் பாத்துக்கறேன்."

இவர் மறுநாள் பிரதி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்த ஒற்றைத் தாளில் அண்ணியின் பேர், ஃபைனான்ஸ் கம்பெனியின் பேர், வண்டி நம்பர் எல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அண்ணி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மடித்து, பத்திரப்படுத்தினார்.

எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்த இடமில்லை. அண்ணியின் கடைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. இவர் சாயங்காலம் வண்டியை அங்கே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வருவார். ஒரு சாவி இவரிடம், மாற்றுச் சாவி அண்ணியிடம். சும்மா இருக்குமா அந்தச் சாவி?

ஒரு மத்தியானம் அண்ணி எனக்குப் போன் செய்தார். "உனக்கு ஒரு சட்டை தைக்கலாம்னு இருக்கேன். வா, அளவெடுக்கணும்." எனக்கு மூக்கில் வேர்த்தது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள் நான், வாயைத் திறக்கச் சொல்கிறவர்கள் எதற்குச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போனேன். அண்ணி என்னை நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் டேப்பை இறக்கினார்.

"சட்டைக்கு எதுக்கு அண்ணி கால் அளவு?"

"நீ இல்ல" என்றார் அண்ணி, நிமிர்ந்து.

"நான் என்ன இல்ல?"

"உன் கால் நீளம். உனக்கு முட்டி இடிக்கும்."

கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். காரின் கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டில் உட்காராமல் வெளியே நின்றபடியே குனிந்து காட்டினார். தனக்கு உரிமையில்லாத இடம் என்று அதில் அவர் உட்காருவதே இல்லை. சீட் முன்னுக்கு இழுக்கப்பட்டிருந்தது. ஆறடி உயரமுள்ள என் வீட்டுக்காரர் அதில் உட்கார வேண்டுமானால் காலை மடித்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். நடுக்கண்ணாடி கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தோளுக்கு மேலே பெல்ட் தொங்குகிற கொக்கியும் கீழே இறங்கியிருந்தது.

"பெடல்லேருந்து சீட்டு வரைக்கும் அளந்துட்டேன்" என்றார் அண்ணி. "ஆள் உயரம் அஞ்சடி. கால் முப்பத்தஞ்சு இன்ச்சு, மிஞ்சினா முப்பத்தாறு. தோள் சின்னது. பொம்பளை. வயசு கொஞ்சம் ஆனவளா இருக்கலாம், முதுகு நேரா வச்சு உக்காருறா. சாய்மானத்தப் பாரு."

"இவரு யாருக்காவது ஓட்டக் கொடுத்திருப்பாரு அண்ணி."

"அதத்தான் நானும் சொல்றேன். எவளோ அவன ஏமாத்தி வண்டிய வாங்கி ஓட்டுறா. பாலிசில பேரில்லாதவ ஓட்டி எங்கயாவது இடிச்சா என் கடை போச்சு. அவனுக்கு என்ன தெரியும், பச்சப்புள்ள."

பச்சப்புள்ளைக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்குக் கவலை கடை. எனக்கு அந்த 'எவளோ' என்ற வார்த்தை. வீட்டுக்கு நடந்து வரும்போதே கண்ணில் பட்ட குள்ளமான பெண்களை எல்லாம் முறைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சந்தேகம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இவர் சாப்பிடும்போது நூல் விட்டுப் பார்த்தேன்.

"வண்டி ஓட்டச் சௌகரியமா இருக்காங்க?"

"ம்."

"சீட்டெல்லாம் சரியா இருக்கா?"

கை ஒரு நொடி நின்றது. "சீட்டுக்கு என்ன?"

"இல்ல, கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அந்தக் கை நின்ற ஒரு நொடியை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் குமைந்தேன் தெரியுமா! சட்டையை முகர்ந்து பார்த்தேன், கிரீஸ் வாசனைதான் வந்தது. வேண்டுமென்றே கிரீஸைப் பூசிக்கொண்டு வருகிறாரோ என்று தோன்றியது. அவர் லிப்ட் பார்க்கிற கட்டடங்களில் இருக்கிற வரவேற்புப் பெண்கள், கணக்குப் பிள்ளைகள், எல்லோரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி அஞ்சடிக்குக் கோடு போட்டேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. இருந்தும் நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு, அவர் வேலை பார்க்கிற கட்டடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். தனியாக வந்தார், வண்டியில் ஏறினார், தனியாகப் போனார். சீட் பின்னால் தள்ளித்தான் இருந்தது, கண்ணால் பார்த்தேன். அண்ணியிடம் வந்து சொன்னால், "அப்ப அதுக்கப்புறம் ஏறுறா" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே கடையின் பின் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றோம். வண்டி வந்தது. இவர் ஒருவர்தான். எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. உள்ளே குனிந்து என்னமோ செய்தார். மேலே கையைத் தூக்கினார். பிறகு இறங்கி, திரும்பி ஒரு தடவை உள்ளே பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அண்ணி டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"முன்னாடிதான் இருக்கு. அதே அளவு. ஒரு நூல் பிசகல."

"அவர் மட்டும்தானே அண்ணி வந்தாரு?"

"வழியில இறக்கி விட்டிருப்பான். அவ மிச்சம் வச்சுட்டுப் போனத ஒளிச்சிட்டுப் போறான்."

ஆறடி ஆள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து எப்படி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு மூளை வேலை செய்யும் என்று சொல்வதெல்லாம் பொய். ஒரே பக்கம்தான் வேலை செய்யும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பொம்பளை ஒருத்தி வேண்டியிருந்தாள், அவ்வளவுதான். சேர்ந்து ஒருத்தியைத் தேடியதில் எனக்கும் அண்ணிக்கும் நடுவே என்றுமில்லாத ஒட்டுதல்கூட வந்துவிட்டது.

அந்த வாரமே இவர் இடித்துவிட்டார். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துகிற இடத்தில், தூணில் நேராக. யாருக்கும் அடி இல்லை. வண்டியின் மூக்கு உள்ளே போய்விட்டது. இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் ஷெட்டில் விட்டார்கள். இவர் நெற்றியில் ஒரு சின்ன வீக்கத்தோடு வந்து, "க்ளெய்ம் போட்டாச்சு, எல்லாம் வந்துடும்" என்றார். எனக்கு அவர் நெற்றியைப் பார்ப்பதா, கண்ணைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. "கூட யாரு இருந்தா?" என்றுதான் முதலில் கேட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டொரு நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் கடைக்கு வந்தார். சேதத்தைப் பார்த்து, விசாரித்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்கிற ஆள். நான் அப்போது கடையில் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒல்லியான மனிதர், அவர் பார்வை எனக்குப் புதிதாக இல்லை. வந்ததும் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பாத்திரத்துக்கு ஏற்ற மூடி ஒன்று நேரில் வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்திரிச்சு நில்லுங்கம்மா" என்றார்.

ஆயுசு பூராவும் பிறத்தியாரை எழுந்து நிற்கச் சொல்லிப் பழகிய அண்ணி, திகைத்துப்போய் எழுந்து நின்றார்.

"நான் நேராக் கேட்டுடறேன். இடிச்சப்ப தானே ஓட்டினேன்னு உங்க தம்பி எழுதிக் கொடுத்திருக்காரு. வண்டிய நான் ஷெட்டுல பாத்தேன். சீட்டு முன்னுக்கு இருக்கு. கண்ணாடி இறங்கியிருக்கு. பெல்ட்டு இறங்கியிருக்கு. அவரு வளர்த்திக்கு அதுல உக்காந்து பெடல மிதிக்கவே முடியாது. அப்ப ஓட்டினது அவரு இல்ல."

அண்ணியின் கண் பளிச்சென்று ஆனது. என்னைப் பார்த்தார். மாட்டினாள் அவள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"யாரு சார் அவ?" என்றார் அண்ணி.

"என்னம்மா விளையாடறீங்களா? நீங்கதான்."

"நானா?"

"பாலிசில வழக்கமா ஓட்டுறவங்கன்னு உங்க பேருதானே இருக்கு. தம்பி எப்பவாவது ஓட்டுவாருன்னு போட்டிருக்கு. நீங்க இடிச்சிட்டு, பயத்துல தம்பி மேல பழிய மாத்தியிருக்கீங்க. இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. நீங்க ஓட்டி இடிச்சாலும் க்ளெய்ம் வரும். உண்மைய மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்."

அண்ணி மெல்ல இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். ஒரு முனையைத் தன் இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையை என்னிடம் நீட்டினார். நான் குனிந்து அவர் கணுக்காலில் பிடித்தேன். முப்பத்தஞ்சரை. எழுந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாக நாங்கள் ஜன்னலோரம் நின்று தேடிய பொம்பளை என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அளவெடுத்த அண்ணி, தனக்கு மட்டும் பழைய சட்டையை வைத்தே புதுச் சட்டை வெட்டி வந்தவர்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் புருஷனுக்கு யாரும் இல்லை! சிரித்துவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிறகுதான் மீதி எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. பிரீமியம் ஏறாமல் இருக்க அக்கா பேரைப் போட்டிருக்கிறார். யாராவது சோதிக்க வந்தால் அக்கா ஓட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று தினமும் கொட்டகையில் வண்டியை நிறுத்தியதும் சீட்டை அக்கா அளவுக்கு இழுத்துவைத்திருக்கிறார். தூணில் மோதி, நெற்றி வீங்கின நேரத்திலும், பழகின கை சீட்டை முன்னுக்கு இழுத்திருக்கிறது. அந்தப் புத்திசாலித்தனம்தான் சர்வேயரை இங்கே கூட்டி வந்திருக்கிறது.

சர்வேயர் காத்திருந்தார். அண்ணி ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும். வண்டி சரியாகிவிடும், கடை பிழைக்கும், தம்பி பிழைப்பார். அதற்குப் பேரும் அந்த மனிதரே 'உண்மை' என்று வைத்துத் தட்டில் ஏந்திக் கொடுத்துவிட்டார். ஆட்டிவிடுங்கள் அண்ணி, ஆட்டித் தொலையுங்கள் என்று என் மனசு கெஞ்சியது. நான் உத்தமி இல்லை.

"நான் ஓட்டல சார்" என்றார் அண்ணி. "நான் வண்டி ஓட்டி எத்தனையோ வருஷமாச்சு. தினமும் ஓட்டுறது என் தம்பி. அன்னிக்கும் அவன்தான்."

"அப்ப சீட்டு?"

"அவன்தான் இழுத்து வச்சிருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியுது."

சர்வேயர் நம்பவில்லை. மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வேலைல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். க்ளெய்ம் வேணும்னு பொய் சொல்லுவாங்க. வேண்டாம்னு பொய் சொல்றவங்கள இப்பத்தான் பாக்கறேன். தம்பிக்கும் உங்களுக்கும் ஏதாவது சண்டையா?"

"சண்டை இல்ல."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். ஒரு பைசா பேராது. கடன் நிக்கும்."

அவர் கொடுத்த தாளில் தான் சொன்னதை எழுதி அண்ணி கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இவர் சேதி கேட்டு ஓடி வந்தார். கடை வாசலிலேயே கத்த ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தைக்கா! ஆமான்னு ஒரு வார்த்தை! அவனே எடுத்துக் கொடுத்தானாமே. எல்லாத்தையும் பாழாக்கிட்டியே! என் பேரப் போட்டா பிரீமியம் ரெண்டு மடங்கு. அதச் சொன்னா நீ வண்டியே வேண்டாம்னு சொல்லியிருப்ப. உன் பேர்ல ஒரு கீறல் கிடையாது. உன்ன யாரு சந்தேகப்படுவாங்கன்னுதான் போட்டேன்!"

அண்ணி ஒரு பேன்ட்டின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூலை முழுதும் உருவிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"உன் பேரப் போட்டியான்னு நான் கேட்டேன். போட்டேன்னு சொன்ன."

"அக்கா..."

"தெருவுல ஒருத்தர விடல நான். இதோ நிக்கிறாளே, வந்த நாள்லேருந்து இவளச் சந்தேகப்பட்டேன். இல்லாத ஒருத்திய உண்டாக்கி அவளையும் சந்தேகப்பட்டேன். எல்லாரும் உன்ன ஏமாத்துறாங்கன்னு." அண்ணி உருவின நூலை விரலில் சுற்றினார். "உன்ன மட்டும் படலடா."

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் யார் பின்னால் போவது என்று தெரியாமல் அண்ணியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

கம்பெனி கையை விரித்துவிட்டது, பாலிசியையும் முறித்துவிட்டது. ஃபைனான்ஸ்காரர்கள் நெருக்கினார்கள். அண்ணி ஒரு மெஷினை விற்றார், நான் வளையலைக் கொடுத்தேன், இவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். வண்டி சரியாயிற்று. வேறொரு கம்பெனியில், யார் ஓட்டுகிறார், எங்கே எப்போது இடித்தார் என்று எல்லாவற்றையும் கொட்டிப் புதுப் பாலிசி எடுத்தோம். அண்ணி எல்லாப் பக்கத்தையும் தன் கையால் புரட்டிப் படித்தார். கடை தப்பியது. வாடிக்கை குறையவில்லை, ஒரே மெஷினில் இரண்டு மெஷின் வேலை நடக்கிறது. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். தவணையைக் கொடுக்கும்போது "எண்ணிக்கோக்கா" என்பார் இவர். முன்பு எண்ணாமல் வைப்பார் அண்ணி. இப்போது எண்ணுகிறார்.

போன மாதம் இவருடைய கம்பெனியில் சீருடைக்குத் துணி கொடுத்தார்கள். இவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். மேஜையில் துணியை வைத்துவிட்டு, "ரெண்டு சட்டை, ரெண்டு பேன்ட்டுக்கா. எப்ப வரட்டும்?" என்று கேட்டுக்கொண்டே கிளம்பத் திரும்பினார்.

"நில்லு" என்றார் அண்ணி.

இவருக்கு அண்ணி அளவெடுத்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துச் சட்டையிலிருந்து எங்கள் கல்யாணத்துக்குப் போட்ட சட்டை வரை, ஆள் எதிரே இல்லாமலேயே துணியை விரித்துக் கத்திரியைப் போடுவார். இளைத்தாலும் பருத்தாலும் அந்தந்த வருஷத்து உடம்புக்கு அப்படியே பொருந்தும். "என் தம்பி உடம்பு எனக்குத் தெரியாதா" என்பார்.

அண்ணி மேஜையைச் சுற்றி வந்து, கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார்.

"கையத் தூக்கு."

இவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, சோதனை போடுகிறவர் முன்னால் நிற்கிற ஆள் மாதிரி, அசையாமல் நின்றார். அண்ணி தோளை அளந்தார், மார்பை அளந்தார், குனிந்து காலை அளந்தார். ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்லி, வாடிக்கைக்காரர்களுக்கு எழுதுகிற மாதிரியே துண்டுச் சீட்டில் எழுதினார். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையை இறக்கவில்லை.

"அடுத்த புதன்கிழமை வா" என்றார் அண்ணி.